அந்தமானில் புல் வெட்ட எந்தப் பழைய டிராக்டர்?

அந்தமானில் புல்லுக்கு விடுமுறை கிடையாது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொட்டதும் கிளம்புகிற பச்சை, வடகிழக்கு மழை ஓயும் டிசம்பர்வரை அடங்குவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குக் கிடைப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தோப்பில் விழுந்த தேங்காய் கண்ணில் படாது, பாக்குப் பொறுக்க முடியாது, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை இறக்கிவிடப் பயமாக இருக்கும். ஆளுக்கொரு தாவ் கத்தி கொடுத்து வெட்டவிட்ட காலம் போய்விட்டது. கட்டட வேலையும் சுற்றுலாவும் தருகிற கூலியைத் தோப்புக்காரரால் தர முடிவதில்லை. அதனால்தான் ரங்கத், டிக்லிபூர் தோப்புக்காரரிலிருந்து நீல் தீவில் விடுதி நடத்துபவர்வரை பலருக்கும் ஒரே யோசனை வருகிறது: செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன டிராக்டரை வாங்கி, பின்னால் ஒரு புல்வெட்டியை மாட்டிவிட்டால் என்ன?

யோசனை தப்பில்லை. ஆனால் மெயின்லேண்டில் பழைய வண்டி வாங்குகிறவர் என்ஜினைப் பார்த்து முடிவெடுக்கிறார்; தீவில் வாங்குகிறவர் முதலில் கப்பலைப் பார்க்க வேண்டும். எந்த உதிரிப்பாகம் எந்தக் கடையில், எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதுதான் இங்கே வண்டியின் உண்மையான வயது. 1998-இல் செய்த வண்டிக்குப் பக்கத்துத் தெருவில் கிளட்ச் பிளேட் கிடைத்தால் அது இளசு. 2018-இல் செய்ததற்கு ஒரு சீல் சென்னையிலிருந்து வர வேண்டுமென்றால் அது கிழடு.

புல் வெட்டுவதற்கென்றே ஒரு டிராக்டர் என்ற எண்ணம் நம்முடையதல்ல. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடித்தார். கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் ஆலைப் பொறியைப் பார்த்து வந்த யோசனை அது. ஏறி உட்கார்ந்து ஓட்டும் சிறு டிராக்டர் அமெரிக்கப் புறநகர் வீடுகளில் பரவியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. வீல் ஹார்ஸ் முன்னோடிகளில் ஒன்று. 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் வந்தது. 1963-இல் ஜான் டீர் 110. இவற்றை அங்கே கார்டன் டிராக்டர் என்பார்கள். வெறும் புல் வெட்டுவதற்கான லான் டிராக்டரைவிடச் சட்டம் கனம், பின்னச்சு தடிமன். சின்னக் கலப்பையையும் இழுக்கும். அறுபது, எழுபதுகளில் செய்த அந்த வண்டிகள் வார்ப்பிரும்பு என்ஜினோடும் தடித்த தகட்டோடும் வந்தவை என்பதால், இன்றைய மெல்லிய தகட்டு வண்டியை வாங்குவதைவிட ஐம்பது வயதான ஒன்றைத் தேடிப் பிடிப்பதே புத்திசாலித்தனம் என்று அங்கே ஒரு பெருங்கூட்டம் நம்புகிறது. யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம்மூரிலும் சிலர் அப்படியொன்றுக்காக ஏங்குகிறார்கள்.

ஏங்கலாம், வாங்க வேண்டாம். பெரிய விடுதியோ நிறுவனமோ கழித்துக்கட்டிய ஏறி ஓட்டும் புல்வெட்டி எப்போதாவது விற்பனைக்கு வரும். பார்க்க அழகாக இருக்கும், விலையும் கவர்ச்சியாக இருக்கும். அதன் பெல்ட்டின் நீளம் நம் கடையில் உள்ள எந்தப் பெல்ட்டுக்கும் ஒத்துவராது. போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. பிளேடு சுற்றும் தண்டின் பேரிங் கூடு உடைந்தால் அதோடு கதை முடிந்தது. பெட்ரோல் வேறு குடிக்கும். கோல்ஃப் மைதானத்தில் ஓய்வுபெற்ற டோரோ, ஜேக்கப்சன் வண்டிகளும் அப்படித்தான். உருளையில் பிளேடு சுற்றி, கத்தரிக்கோல்போல் நறுக்குகிற அந்த வகை, விரலளவு புல்லை நூல்பிடித்தாற்போல் வெட்டும். முழங்கால் உயரப் புல்லையும், அதற்குள் ஒளிந்திருக்கும் தென்னை மட்டையையும் ஒரு முறை காட்டினால் போதும், சீர்செய்யும் செலவு வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

“பழசுதான் கெட்டி” என்ற அமெரிக்க வாதத்தில் நமக்குப் பொருந்தாத இன்னொரு பகுதியும் உண்டு. அங்கே பழசுக்கும் புதுசுக்கும் நடுவே தரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. நம் நாட்டுச் சிறு டிராக்டர்களில் அந்தப் பள்ளம் பெரிதாக இல்லை. 2023 ஜனவரியில் வந்த புதிய மாசுக்கட்டுப்பாட்டு விதிகூட 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களைத்தான் தொட்டது. அதற்குக் கீழே உள்ளவை இன்னமும் எளிய மெக்கானிக்கல் டீசல் பம்போடுதான் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் பெட்டி கெட்டு வண்டி நிற்கும் தொல்லை பெரும்பாலும் இல்லை. எனவே இங்கே பழையதை வாங்க ஒரே நியாயமான காரணம் விலைதான்.

அந்தக் காரணமும் சற்று மெலிந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆக இறங்கியது. டயர், உதிரிப்பாகங்களுக்கும் 18-லிருந்து 5. புது வண்டி மலிவாகும்போது பழைய வண்டியும் மலிவாக வேண்டும். ஆனால் விற்பவர்கள் பழைய கணக்கிலேயே விலை சொல்வார்கள். புதிய வண்டியின் இன்றைய விலையையும், வேளாண் துறையில் அந்த ஆண்டு நடப்பில் உள்ள மானியத்தையும் கையில் எழுதிக்கொண்டு போகாமல் பழைய வண்டிக்குப் பேரம் பேசுவது வீண்.

வெட்டவேண்டியது எவ்வளவு, எங்கே என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். அந்தமானில் டிராக்டர் ஏறும் இடம் குறைவு. தீவுக்கூட்டத்தின் நிலத்தில் பெரும்பகுதி காடு. 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கும் பிறகு வந்த குடியேறிகளுக்கும் நிலம் கொடுத்தபோதே, பள்ளத்தில் நெல்லுக்கு ஒரு துண்டு, குன்றில் தோட்டத்துக்கு ஒரு துண்டு என்றுதான் கொடுத்தார்கள். தென்னையும் பாக்கும் பெரும்பாலும் அந்தக் குன்றுத் துண்டில். அங்கே சிறு டிராக்டரை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. குறுகிய சக்கர அகலம், உயர்ந்த உடல், பின்னால் தூக்கிய புல்வெட்டி, கீழே ஈரச் செம்மண். நம் பழைய சிறு டிராக்டர்களில் பலவற்றுக்கு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவே கிடையாது. நான்கடி நடந்தால் ஓரடி ஏறும் சரிவுக்கு மேல் எந்த டிராக்டரையும் கொண்டுபோக வேண்டாம். அதற்குக் குறைவான சரிவிலும் மேலும் கீழுமாக வெட்ட வேண்டும், குறுக்கே வேண்டாம். விற்பவர் “இதெல்லாம் சும்மா ஏறும் அண்ணே” என்பார். ஏறும்தான். இறங்கும் விதம்தான் கேள்வி.

ஆக, டிராக்டருக்கு மிஞ்சுவது கடலோரத் தட்டையான தென்னந்தோப்பு, நீல் தீவு போன்ற சமவெளி, பள்ளி கல்லூரி மைதானம், விடுதி வளாகம், வட அந்தமானின் அகன்ற பள்ளத்தாக்குகள். நிக்கோபாரில் பழங்குடிகளின் தென்னந்தோப்புகள் 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்கீழ் வருகின்றன. அங்கே தோப்பில் பன்றிகளும் உண்டு, புல்லை இப்படி அழகுபார்த்து வெட்டும் வழக்கம் இல்லை. கேம்பல் பேயில் 1969-க்குப் பிறகு குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நிலம் வேறு கதை. அங்கே கேள்வி இதேதான், கப்பல் மட்டும் இன்னும் தூரம்.

சமதளம் என்றாலும் எல்லா நாளும் டிராக்டர் ஓடாது. இந்த ஒரு விஷயத்தை யோசிக்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு நொந்துகொள்கிறார்கள். புல் வெறிகொண்டு வளர்வது ஜூன், ஜூலை, ஆகஸ்டில். அப்போதுதான் நிலம் சொதசொதவென்று இருக்கும். முக்கால் டன் வண்டி ஏறினால் முள்டயர் இரண்டு வாய்க்கால் வெட்டிவிட்டுப் போகும், தென்னையின் மேல்வேர் நசுங்கும். நிலம் சக்கரத்தைத் தாங்குவது ஜனவரி முதல் ஏப்ரல்வரை. அப்போது புல்லுக்கே வேகம் இல்லை. மழைக்காலத்தில் இடையிடையே வெயில் காயும் மூன்று நான்கு நாளைப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டியிருக்கும். அந்த நாளில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் அடுத்த வெயிலுக்குள் புல் இடுப்புக்கு வந்துவிடும். எனவே தீவில் புல்வெட்டும் வண்டிக்கு வேண்டிய முதல் குணம் சக்தி அல்ல, சொன்ன நாளில் கிளம்புவது. கனம் குறைந்த வண்டியும் அகன்ற டயரும் இரண்டாவது.

இரண்டு ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் டிராக்டர் பேச்சே வேண்டாம் என்பது என் கருத்து. தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் ஒன்றோ இரண்டோ போதும். ஹோண்டாவின் நான்கு ஸ்ட்ரோக் 35 சிசி வகையானாலும் சரி, ஆயில் கலந்து ஓட்டும் ஸ்டில் வகையானாலும் சரி, சரிவிலும் சேற்றிலும் மரத்தடியிலும் அது போகும் இடத்துக்கு எந்த டிராக்டரும் போகாது. பெரிய தோப்பிலும் மரத்தைச் சுற்றிய வட்டத்துக்கு இது இல்லாமல் ஆகாது. டிராக்டர் வாங்குகிறவர் பிரஷ் கட்டரை விற்றுவிட்டு வாங்கினால் ஒரே மழையில் திரும்பவும் பிரஷ் கட்டர் வாங்குவார்.

இரண்டு முதல் ஐந்து ஏக்கர்வரை உள்ளவர்களுக்குப் பவர் டில்லர் ஒரு வழி. பெங்களூரில் 1967-இல் தொடங்கிய விஎஸ்டி நிறுவனம் மிட்சுபிஷி நுட்பத்தோடு செய்த சக்தி டில்லரும், கேரளத்தின் அத்தாணியில் 1973-இல் அமைந்த காம்கோ, குபோட்டா கூட்டுறவோடு செய்த டில்லரும் தென்னிந்திய வயல்களில் பல்லாண்டாக ஓடுகின்றன. சுமார் 12, 13 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவன்கூடப் பத்து நாளில் அதன் வயிற்றைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்வான். இலங்கைத் தமிழர்கள் இதே இனத்தை லேண்ட்மாஸ்டர் என்பார்கள். வன்னியில் வயலுக்கும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் அதுவே வண்டி. ஆனால் டில்லர் உழவுக்குப் பிறந்தது. புல்வெட்டும் தலையை அதற்கு மாட்டலாம், பட்டறையில் அடித்தும் கொடுப்பார்கள். நாள் முழுக்க அதன் பின்னால் நடந்தால் மாலையில் கை விறைத்துப்போகும். நெல்லும் இருக்கிறது, தோப்பும் இருக்கிறது என்பவருக்கு அது சரி. மைதானம் மட்டுமே வைத்திருப்பவருக்குச் சரியில்லை.

ஐந்து ஏக்கருக்கு மேல் சமதளம் உண்டென்றால் நாலு சக்கரச் சிறு டிராக்டர். பழைய சந்தையில் அடிக்கடி வருபவை சிலவே. விஎஸ்டியின் மிட்சுபிஷி சக்தி எம்டி 180டி: 18 குதிரைத்திறனைச் சற்றுத் தாண்டும் மூன்று சிலிண்டர் வண்டி, ஓட்டம் மென்மை, கனம் குறைவு, தோப்புக்குள் திரும்பும் வளைவு சின்னது. மகிந்திரா யுவராஜ் 215: 15 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், தடதடவென்று ஆடும், ஆனால் பிரித்துச் சேர்க்க எளிது, மகிந்திரா பாகம் எங்கேயும் கிடைக்கும். ஸ்வராஜ் 717-உம் அதே வரிசை. குபோட்டா நியோஸ்டார் 24, 27 குதிரைத்திறனில் நான்கு சக்கர இழுவையோடு வருவது. ஈர நிலத்தில் இவற்றில் அதுவே சிறப்பு, விலையும் பாகத்தின் விலையும் அதற்கேற்ப. ராஜ்கோட்டின் கேப்டன் வண்டிகளும் கண்ணில் படும்.

இவற்றில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு உங்கள் ஊர் மிஸ்திரிதான் பதில் சொல்ல வேண்டும் என்பேன். உங்கள் தோப்பிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் எந்த மாடல் அதிகம் ஓடுகிறது என்று எண்ணுங்கள். மூன்று வண்டியாவது இருக்கிற மாடலைத் தேர்ந்தெடுங்கள். மூன்று இருந்தால் ஒரு மிஸ்திரிக்கு அதன் குணம் தெரிந்திருக்கும், கடைக்காரர் ஃபில்டரும் ஃபேன் பெல்ட்டும் வைத்திருப்பார், நின்றுபோன நான்காவது ஒன்று எங்காவது மாமரத்தடியில் கிடக்கும், அதிலிருந்து ஒரு நாசில் கழற்றிக்கொள்ளலாம். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும், இப்போது அரசு ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம், இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் கிளம்பினால் மூன்று நாள் போல ஆகும், ஆனால் அது எப்போது கிளம்பும் என்பது வேறு கணக்கு. அங்கிருந்து டிக்லிபூருக்கு மறுபடி டிரங்க் ரோடு, ஜிர்காடாங்கில் வண்டிகள் கூட்டாகப் போகும் கான்வாய்க்குக் காத்திருப்பு, வண்டியை ஏற்றிக் கடக்கும் ஜங்கார் படகு. சின்னச் சீல், நாசில் என்றால் விமானக் கூரியரில் வந்துவிடும். கியர்பாக்ஸ் கூடு வராது. தனியாக நிற்கும் அருமையான வண்டியைவிடக் கூட்டத்தோடு ஓடும் சுமாரான வண்டி மேல் என்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

அடுத்தது துரு. இதற்குத் தீவில் ஒரு தனி வரலாறும் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல்வயல் கடல்நீர்ப் பரப்பானது இன்றும் கண்ணெதிரே கிடக்கிறது. வயலோடு டில்லரும் டிராக்டரும் மூழ்கின. அவற்றில் சில கழுவிப் பெயின்ட் அடித்துத் திரும்ப ஓடின. இருபது வயதைத் தாண்டிய வண்டி ஒன்று உள்ளூரில் விலைக்கு வந்தால், அந்த நாளில் அது எங்கே நின்றது என்று விசாரிப்பது அநாகரிகம் ஆகாது. மெயின்லேண்டிலிருந்து வந்த வண்டிக்கும் இதே கேள்வி உண்டு: 2015 டிசம்பர் சென்னை வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் எத்தனையோ வண்டிகளை முழுக்காட்டின. அது நல்ல தண்ணீர், உடனே கழுவினால் பிழைக்கும். உப்புத் தண்ணீர் பேரிங்கின் உள்ளேயும் ஒயரின் உள்ளேயும் உட்கார்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் தின்னும்.

மூழ்கிய வண்டியைப் பெயின்ட் மறைக்கும், சில இடங்கள் மறைக்காது. ஹெட்லைட் கண்ணாடிக்குள்ளே ஒரு கோடு. சீட்டுக்கு அடியில் பெயின்ட் படாத போல்ட் தலைகள். செல்ஃப் மோட்டாரின் அடிப்பக்கம். ஒயரின் முனையைக் கொஞ்சம் சீவினால் செம்பு பளபளக்காமல் பச்சையாகவோ கறுப்பாகவோ இருப்பது. கியர் ஆயிலை வடிக்கும் போல்ட்டை ஒரு திருப்புத் திருப்பிப் பார்க்கவும். பால்போல் வெளுத்த ஆயில் வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அது மூழ்கியதால் இருக்கலாம், கியர் லீவரின் ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கியதாலும் இருக்கலாம். இரண்டில் எது என்பது பேரத்தில் தெரியும்.

வெள்ளம் காணாத வண்டியையும் கடற்காற்று விடாது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் கையால் தொட்டால் உதிர்கிறதா பாருங்கள். புல்வெட்டும் வண்டிக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் பறக்கும் புல்தூசி முன்வலையை அடைத்து என்ஜினைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். டீசல் தொட்டியின் அடியில் ஒரு டார்ச் அடிக்கவும். ஈரக்காற்றில் அரைத் தொட்டியோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் நீர் வியர்த்து இறங்கிக் கரும்பிசினாகத் தங்கும். பம்பையும் நாசிலையும் கெடுப்பது அதுதான். மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. மிதித்தாலும் கியர் விழாது. இதைக் காட்டிப் பயமுறுத்தி விலை குறைக்கலாம். தெரிந்த மிஸ்திரிக்கு அது அரைநாள் வேலை.

என்ஜினைச் சோதிக்கும் முறை எங்கும் ஒன்றுதான், நீட்ட வேண்டியதில்லை. சொல்லாமல் அதிகாலையில் போய்ப் பேனட்டில் கைவைக்கவும். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்துப் புகை, அரைமணி ஓடிய பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வரும் புகை, ரேடியேட்டர் நீரின்மேல் எண்ணெய்ப் படலம். நீலப்புகை ரிங் தேய்ந்ததைச் சொல்லும். பழைய வண்டியில் கொஞ்சம் இருப்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஹவர் மீட்டரை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் நின்றிருக்கும் அல்லது மாற்றியிருக்கும். பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங்கின் ஆட்டமும் பொய் சொல்லாது.

புல்வெட்டுவதற்கு வாங்கும் வண்டியில் உழவுக்காரர் பார்க்காத இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று பிடிஓ, அதாவது என்ஜினின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கடத்தும் தண்டு. உழவுக்கு ஓடிய வண்டியில் ரோட்டவேட்டர் இழுத்து இழுத்து அந்தத் தண்டின் பல் தேய்ந்து, சீலில் ஆயில் கசியும். பின்னால் மாட்டும் புல்வெட்டிகளான ஸ்லாஷர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தவை. சில சிறு டிராக்டர்களில் பிடிஓவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேகங்கள் உண்டு. எந்தக் கியரில் எத்தனை சுற்று என்று தெரியாமல் ஸ்லாஷரை மாட்டினால் ஒன்று புல் மடங்கும், வெட்டுப்படாது. அல்லது கியர்பெட்டி வெடிக்கும். மற்றது ஹைட்ராலிக். ஸ்லாஷரையோ அதே எடைக்கு ஏதாவதையோ தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரவும். வருவதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தால் உள்ளே சீல் போயிருக்கிறது. உழவில் அது பெரிய குறையில்லை. புல்வெட்டில், கட்டையைக் கண்டதும் தூக்கிப் பிடித்தபடி நகர வேண்டிய நேரத்தில், பெரிய குறை.

ஸ்லாஷரின் அகலத்தில் பேராசை கூடாது. அடிக்கு நாலைந்து குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், 15 குதிரைத்திறன் வண்டிக்கு மூன்றடி, 18-க்கு நான்கடிக்குள். கடைக்காரர் ஐந்தடி காட்டுவார்; அது காய்ந்த புல்லுக்கு, அந்தமானின் ஈரப்புல்லுக்கு அல்ல. தோப்பில் தென்னை மட்டையும் உரித்த மட்டையும் பவளக்கல்லும் கிடக்கும். அதனால் பிளேடு தண்டில் இறுகப் பிணைத்ததாக இல்லாமல், அடிபட்டால் மடங்கிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். தண்டின் நடுவில் அடிபட்டால் முறியும் ஷியர் போல்ட் இருக்க வேண்டும். அந்தப் போல்ட் முறிகிறதே என்று எரிச்சல்பட்டு இரும்புக்கம்பி செருகுகிறவர்கள் உண்டு. அவர்கள் அடுத்த வாரம் கியர்பெட்டி தேடி சென்னைக்கு ஃபோன் செய்வார்கள். பின்பக்கச் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷரை விடுதி வளாகத்தில் ஓட்டவே கூடாது. கல் ஒன்று தெறித்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கே வாங்குவது? உள்ளூர் விவசாயி பெரிய வண்டிக்கு மாறும்போது விற்பதுதான் ஆகச் சிறந்தது. வண்டியின் கதை ஊருக்கே தெரியும். ஒப்பந்தக்காரரின் வண்டி மணலும் சிமென்ட்டும் இழுத்தது. பின்னச்சையும் பிரேக்கையும் சந்தேகத்தோடு பார்க்கவும். அரசு ஏலத்தில் வரும் ‘கண்டெம்’ வண்டிகளுக்கு முன்பெல்லாம் போட்டி இருந்தது. இப்போது சட்டம் மாறிவிட்டது: 2023 ஏப்ரல் 1 முதல் அரசு வாகனங்களின் பதிவு 15 ஆண்டோடு முடிந்துவிடும், புதுப்பிக்க முடியாது, பதிவுபெற்ற உடைப்பகத்துக்குத்தான் போக வேண்டும். 15 ஆண்டு தாண்டிய அரசு டிராக்டரை யாராவது மலிவாகத் தள்ளப்பார்த்தால் அது காகிதமில்லாத இரும்பு.

மெயின்லேண்டிலிருந்து இறக்குவதென்றால், விலை வித்தியாசம் கப்பல் கட்டணத்தையும் துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் செலவையும் தாண்டி மிஞ்ச வேண்டும். சிறு டிராக்டரில் அது பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. மிஞ்சினாலும் பதிவு மாற்றத்துக்குப் பழைய ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35. இவை கையில் இல்லாமல் வண்டி கப்பலேறினால், பிறகு ஒரு கையெழுத்துக்காக அந்த ஊருக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும். சேஸிஸ் எண்ணை ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடும்போது துருவைச் சுரண்டிவிட்டுப் படிக்கவும். கடைசி இரண்டு எழுத்தை ஊகித்துக்கொள்ள வேண்டாம்.

புல்லை வெட்டாமலே சமாளிக்கும் வழிகளையும் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. ராஸ் தீவில், இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவில், ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களின் வம்சம் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே புல்லை மேய்கிறது. மான் வளர்க்க யாருக்கும் அனுமதி கிடையாது. மாடும் ஆடும் கட்டலாம், தோப்பின் கன்றுகளுக்கு வேலி இருந்தால். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களைக் குடியமர்த்திய கச்சால் தீவில் இருப்பது ரப்பர். இத்தகைய தோட்டங்களின் பழைய வழி வேறு: வரிசைக்கு நடுவே பியூரேரியா போன்ற மூடுகொடியைப் பரவவிட்டுப் புல்லையே எழாமல் செய்வது. தென்னைக்கு அடியில் கிராம்பு, ஜாதிக்காய், மிளகு என்று ஊடுபயிர் போட்டால் நிழலிலேயே பாதிப் புல் அடங்கிவிடும், வருமானமும் வரும். பத்து ஏக்கர் தோப்பில் ஆறு ஏக்கரை இப்படி மூடிவிட்டால், மிச்ச நாலு ஏக்கருக்குத் தேவைப்படும் வண்டி முதலில் நினைத்ததைவிடச் சின்னது.

வாங்குவதென்று முடிவானால், டிசம்பர் கடைசியில் வாங்குங்கள். அப்போது மழைக்காலத்தில் வண்டியால் அல்லல்பட்டவர் விற்கும் மனநிலையில் இருப்பார், உங்களுக்கும் பிரித்துப் பார்க்க நாலு வறண்ட மாதம் கையில் இருக்கும். வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்து, முதல் வாரமே பட்டியல் போட்டுச் சென்னைக்கு அனுப்புங்கள்: எல்லா ஃபில்டரும் மூன்று செட், ஃபேன் பெல்ட் இரண்டு, ரேடியேட்டர் ஹோஸ், பிடிஓ சீல், ஹைட்ராலிக் சீல் செட், ஒரு நாசில், கிளட்ச் பிளேட், ஸ்லாஷர் பிளேடு இரண்டு ஜோடி, ஷியர் போல்ட் ஒரு கைப்பிடி. மே மாதத்து முதல் மழைக்குள் அந்தப் பெட்டி கொட்டகைக்கு வந்துசேர வேண்டும்.